குடித்தனக் கணக்கெடுப்பும் தரவுப் பதிவும்

வீடு வீடாகச் சென்று விபரம் கேட்டு எழுதி வருவதைக் கணக்கெடுப்பு என்கிறோம். அப்படி எழுதி வந்த தாள்களைக் கணினியில் ஏற்றுவது பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பார்த்துப் பார்த்து எழுதும் வேலைதானே, தட்டச்சுத் தெரிந்த எவரும் செய்துவிடலாம் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் என்னிடமும் அது இருந்தது. ஒரு தாய் கேட்ட கேள்விதான் அதை மாற்றியது.

கடந்த ஆண்டு கினிகத்தேனையைச் சுற்றியுள்ள சில தோட்ட டிவிசன்களில், பாடசாலை செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குப் புத்தகப் பையும் அப்பியாசக் கொப்பிகளும் வழங்க ஒரு தொண்டர் குழு முன்வந்தது. அவர்கள் தந்த வினாக்கொத்தைக் கொண்டு இளைஞர்கள் சிலர் லயம் லயமாகச் சென்று விபரம் எடுத்தார்கள். வந்து சேர்ந்த சுமார் 400 படிவங்களை இணையத்தில் பகிரப்பட்ட ஒரு வார்ப்புருவில் ஏற்றும் பொறுப்பு எனக்கும் உயர்தர வகுப்பு மாணவிகள் ஐவருக்கும் கிடைத்தது. மூன்று வாரம், பாடசாலை முடிந்த பிறகு மாலை நேரங்களில் இருந்து செய்தோம்.

கடைசி நாள் நான் அட்டவணையை ‘சுத்தம்’ செய்தேன். 217ஆவது வரிசையிலும் 218ஆவது வரிசையிலும் ஒரே லயம், ஒரே காம்பரா எண், வீட்டுத் தலைவர் என்ற இடத்தில் ஒரே பெயர். ஒரே படிவம் இரண்டு தடவை ஏற்றப்பட்டுவிட்டது என்று நினைத்து இரண்டாவதை அழித்தேன். உறுப்பினர் தொகை ஒன்றில் 4, மற்றதில் 3 என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை.

பை கொடுக்கும் நாளில் ஒரு தாய் இரண்டு பிள்ளைகளுடன் வரிசையில் நின்றார். பட்டியலில் பெயர் இல்லை. “எங்க பேர எழுதிக்கிட்டுத்தானே போனாங்க மிஸ், எப்படி இல்லாம போகும்?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கொண்டுவந்த பைகள் எண்ணிக் கொண்டுவரப்பட்டவை. அன்று அந்த இரண்டு பிள்ளைகளும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

கணவரை இழந்த அந்தத் தாய் தன் தகப்பனாரின் காம்பராவுக்குப் பின்னால் எடுத்துக்கட்டிய தாவாரத்தில் தனியாகச் சமைத்து வாழ்கிறார் என்று பிறகு தெரிந்தது. வீட்டுத் தலைவர் யார் என்று கேட்டபோது தகப்பனாரின் பெயரைச் சொல்லியிருக்கிறார். நான் அழித்தது ஒரு குடித்தனத்தை.

அந்தத் தவறிலிருந்து நான் கற்றவற்றை வரிசைப்படுத்தி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். உயர்தரத்தில் தரவுத்தளம் படிக்கும் மாணவிகளுக்கு இது பாடத்தின் ஒரு பகுதி. தங்கள் வீட்டு விபரத்தை யார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் இது தேவைப்படும்.

ஒரு பதிவின் பெறுமதி

எங்கள் மலையகத்தில் பெயர் எழுதப்படுவதற்கும் எழுதப்படாமல் போவதற்கும் நீண்ட வரலாறு உண்டு. ஒருகாலத்தில் தோட்டம் விட்டுத் தோட்டம் போக வேண்டுமானால், இவ்வளவு கடனைச் செலுத்தினால் விடுவிப்போம் என்று எழுதிய ‘துண்டு’ கையில் இருக்க வேண்டும். அந்த முறை 1921 இல்தான் ஒழிக்கப்பட்டது. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள், தாங்கள் இந்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்ததை எழுத்து ஆதாரத்தால் நிறுவ வேண்டியிருந்தது. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு மட்டுமே. செக்ரோலில் ஒரு விதமாகவும் பிறப்புச் சான்றிதழில் வேறு விதமாகவும் எழுதப்பட்ட பெயர், தோட்டத்துப் பெரியவர்களுக்கு இன்றைக்கும் தெரிந்த தலைவலி.

அண்மைக்கு வருவோம். 2023 இல் அஸ்வெசும நலன்புரித் திட்டத்துக்காக நாடெங்கும் குடும்ப விபரங்கள் சேகரிக்கப்பட்டுக் கணினியில் பதியப்பட்டன. 6 பிரிவுகளில் அமைந்த 22 குறிகாட்டிகளைக் கொண்டு தகுதி தீர்மானிக்கப்பட்டது. முதற்பட்டியல் வெளிவந்ததும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. எங்கள் அயலிலும் பிரதேச செயலகத்துக்கு ஏறி இறங்காத வீடு குறைவு.

தனிக் குடும்பத்துக்கு மட்டுமல்லாமல், ஒரு சமூகத்துக்கும் இந்தப் பதிவுகள் முக்கியம். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் தன் அளவீடுகளில் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகளாகப் பிரிக்கிறது. 20 ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட பரப்பும், அங்கேயே வதியும் 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களும் உள்ள பெருந்தோட்டங்கள் தோட்டத்துறையில் அடங்கும். 2019 ஆம் ஆண்டின் குடித்தன வருமான செலவின அளவீட்டின்படி நாட்டில் வறுமையில் உள்ளோர் 14.3 சதவீதம். தோட்டத்துறையில் அது 33.8 சதவீதம். அந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டி எவரும் பாராளுமன்றத்திலோ பத்திரிகையிலோ பேச முடிவது, யாரோ ஒருவர் ஒவ்வொரு லயத்தின் விபரத்தையும் அதற்குரிய கட்டத்தில் சரியாகப் பதிந்ததால்தான்.

குடித்தனம் என்பது எது?

தரவுப் பதிவில் முதலாவது கேள்வி கணினி பற்றியதல்ல. ஒரு வரிசை எதைக் குறிக்கிறது என்பதே அது. கட்டடத்தையா, குடும்பத்தையா, ஆளையா?

தொகைமதிப்பில் இதற்குத் தெளிவான விளக்கம் இருக்கிறது. ஒன்றாக வாழ்ந்து, பொதுவாகச் சமைத்து உண்பவர்கள் ஒரு குடித்தனம். தனியாக வாழ்ந்து தன் உணவைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒருவரும் ஒரு குடித்தனமே. இரத்த உறவு இங்கே அளவுகோல் அல்ல. ஒரே வீட்டில் இரண்டு குடித்தனங்கள் இருக்கலாம். இரண்டு அறைகளில் பரந்து வாழ்ந்தாலும் ஒரே அடுப்பில் உண்பவர்கள் ஒரே குடித்தனம்தான்.

லயத்தில் இந்த விளக்கம் மிகவும் தேவைப்படுகிறது. ஒரு காம்பராவும் இஸ்தோப்பும் உள்ள வீட்டில் தாய் தகப்பன் முன்பக்கம், மணமுடித்த மகன் பின்பக்கம், உலை இரண்டு என்று இருப்பது வழமை. “இந்த வீட்டில் எத்தனை பேர்?” என்று கேட்டால் எல்லோரையும் சேர்த்து ஒரு தொகை வரும். “இந்த வீட்டில் எத்தனை அடுப்பு எரிகிறது?” என்று கேட்டால் உண்மை வரும். அந்தக் கேள்வியை எங்கள் வினாக்கொத்தில் யாரும் சேர்க்கவில்லை. படிவங்களை ஏற்ற உட்காரும்போது நானும் அதைக் கேட்டுப் பார்க்கவில்லை.

வீட்டுத் தலைவர் என்ற புலமும் அப்படித்தான். தலைவர் என்றால் ஆண் என்று எண்ணி எழுதுபவர்களும் உண்டு, சொல்பவர்களும் உண்டு. கொழுந்து பறித்து வீட்டைக் கொண்டு நடத்துபவர் தாயாக இருக்கும்போதும் மாமனாரின் பெயரே எழுதப்படும். அக்குடித்தனத்தவர்கள் தங்களுக்குள் யாரைப் பொறுப்பானவராக ஏற்றுக்கொள்கிறார்களோ அவரே தலைவர். படிவத்தில் ஐயம் இருந்தால் ஊகித்து நிரப்பாமல் விபரம் எடுத்தவரிடம் திரும்பக் கேட்க வேண்டும்.

வார்ப்புருவை முதலில் வாசியுங்கள்

வார்ப்புரு என்பது வெற்றுக் கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை. ஒவ்வொரு நிரலும் ஒரு புலம், ஒவ்வொரு வரிசையும் ஒரு பதிவு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். நல்ல வார்ப்புருவோடு ஒரு விளக்கத் தாளும் வர வேண்டும். ஒவ்வொரு புலத்திலும் என்ன எழுதலாம், எந்தக் குறியீடு எதைக் குறிக்கும் என்று அதில் இருக்கும். அது இல்லாவிட்டால் முதல் நாளே குழுவாக இருந்து எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் எழுதவில்லை. அதனால் ‘கல்வி’ என்ற நிரலில் ஒருவர் ‘ஐந்தாம் ஆண்டு’ என்றும், ஒருவர் ‘5’ என்றும், இன்னொருவர் ‘ஆரம்பப் பிரிவு’ என்றும் எழுதிவைத்திருந்தார். மனிதருக்கு மூன்றும் ஒன்று. கணினிக்கு மூன்றும் வேறு.

அடுத்தது முதன்மைச் சாவி. ஒரு பதிவை மற்ற எந்தப் பதிவோடும் குழப்பாமல் பிரித்துக் காட்டும் புலம் அது. எங்கள் வார்ப்புருவில் முகவரியே அந்த வேலையைச் செய்யும் என்று விட்டிருந்தார்கள். நகரத்து வீதியில் அது ஓரளவு சரிவரலாம். பல லயங்களில் வீட்டுக்கு வீடு தனி முகவரி இல்லை. கடிதம்கூடத் தோட்டத்தின் பெயருக்கு வந்து பிறகுதான் கைக்குக் கிடைக்கும். இங்கே முகவரியைச் சாவியாக வைத்தால் ஒரு லயமே ஒரு குடும்பமாகிவிடும்.

இப்போது நாங்கள் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஓர் இலக்கம் கொடுக்கிறோம். தோட்டப் பிரிவு, லயம், காம்பரா, அடுப்பு என்ற ஒழுங்கில் ‘தோ2-ல07-கா04-அ2’ என்று அமையும். கடைசியில் உள்ள ‘அ2’ இரண்டாவது அடுப்பு. இந்த ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் அன்று இருந்திருந்தால் 218ஆவது வரிசையை நான் அழித்திருக்க மாட்டேன். இந்த இலக்கத்தை விபரம் எடுக்கும்போதே படிவத்தின் தலையில் பேனையால் எழுதிவிட வேண்டும். கணினியில் ஏற்றும்போது புதிதாகக் கொடுத்தால் தாளையும் அட்டவணையையும் பிறகு பொருத்திப் பார்க்க முடியாது.

ஆட்களின் விபரத்துக்குத் தனி அட்டவணை வேண்டும். ஒரு வரிசையிலேயே ‘பிள்ளை 1, பிள்ளை 2, பிள்ளை 3’ என்று நிரல்களை நீட்டிக்கொண்டு போனால் ஆறாவது பிள்ளைக்கு இடமிருக்காது. குடித்தன அட்டவணையில் குடித்தனத்துக்கு ஒரு வரிசை. ஆள் அட்டவணையில் ஆளுக்கு ஒரு வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் அவருடைய குடித்தன இலக்கம். பாடப்புத்தகம் அந்நியச் சாவி என்று சொல்வது இந்த இலக்கத்தைத்தான்.

கணினி செய்யும் வேண்டாத உதவி

விரிதாள் மென்பொருள் நாம் எழுதுவதைப் பார்த்துத் தானாகவே ஒரு முடிவுக்கு வரும். காம்பரா எண்ணை 3/12 என்று எழுதினால் அதைத் திகதி என்று எடுத்துக்கொள்ளும். கணினியின் அமைப்பைப் பொறுத்து அது மார்ச் 12 ஆகவோ டிசம்பர் 3 ஆகவோ மாறும். 15/40 என்று எழுதினால் அப்படியொரு திகதி இல்லை என்பதால் மாறாமல் இருக்கும். சில வீடுகள் மட்டும் மாறி மற்றவை சரியாக இருப்பதால் இந்தப் பிழை உடனே கண்ணில் படாது. தொலைபேசி எண்ணை எழுதினால் முன்னால் உள்ள பூச்சியம் காணாமற் போகும்.

இது எங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. மரபணுக்கள் சிலவற்றின் ஆங்கிலச் சுருக்கப் பெயர்கள் ‘மார்ச் 1’, ‘செப்ட் 1’ என்ற வடிவில் இருந்தன. ஆய்வாளர்கள் அவற்றை எக்செலில் எழுதியபோது அவை திகதிகளாக மாறிக்கொண்டே இருந்தன. மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்புகளாக இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இப்பிழை இருந்ததாக 2016 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இறுதியில் மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு அந்தப் பெயர்களையே மாற்றி, 2020 இல் புதிய வழிகாட்டலை வெளியிட்டது.

நமக்கு வழி இலகுவானது. எண்ணாகத் தோன்றினாலும் கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத புலங்கள் அனைத்தையும், அதாவது வீட்டு எண், தொலைபேசி, அடையாள அட்டை எண் போன்றவற்றை, ஏற்றத் தொடங்கும் முன்பே ‘எழுத்து’ வகைக்கு மாற்றிவிட வேண்டும். பிறகு மாற்றினால் போன பூச்சியம் திரும்பி வராது. திகதியை ஆண்டு, மாதம், நாள் என மூன்று நிரல்களில் எழுதுவது மிகவும் பாதுகாப்பானது.

பெயர்களும் எழுத்துக்களும்

எங்கள் கல்லூரியில் ஒரு வகுப்பின் வாசலில் நின்று “பாத்திமா” என்று கூப்பிட்டால் பாதி வகுப்பு திரும்பிப் பார்க்கும். அதே பெயரை பாத்திமா, பாதிமா, ஃபாத்திமா என்று மூன்று விதமாக எழுதுவார்கள். ஊர்ப் பெயருக்கும் இதே நிலைதான்: கினிகத்தேனை, கினிகத்தேன, கினிகத்தேனே. ஆகவே பெயரைக் கொண்டு ஆளை அடையாளம் காணவோ, ஊர்ப் பெயரைக் கொண்டு தொகுக்கவோ கூடாது. ஊர், கிராம உத்தியோகத்தர் பிரிவு, தோட்டம் ஆகியவற்றுக்குக் குறியீடு கொடுத்து, தட்டச்சுச் செய்யாமல் கீழிறங்கு பட்டியலிலிருந்து தெரிவு செய்ய வைக்க வேண்டும். ஆளின் பெயரை மட்டும் அவர் சொன்னபடியே, படிவத்தில் உள்ளபடியே எழுத வேண்டும். நமக்குச் சரியென்று தோன்றும் எழுத்துக்குத் திருத்த நமக்கு உரிமை இல்லை.

தமிழில் தட்டச்சுச் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதியது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். பகிரப்பட்ட கோப்பில் எல்லோரும் யுனிக்கோட்டில்தான் எழுத வேண்டும். யுனிக்கோட்டிலும் ஒரு பொறி உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை, ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம், ஒகரக் குறியை ஒரே குறியாக இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். கணினி அவற்றை வேறு சொற்களாகக் கொள்ளும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. எல்லோரும் ஒரே விசைப்பலகை முறையைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

வெற்றிடமும் பூச்சியமும்

படிவத்தில் வருமானம் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. நீங்கள் 0 என்று ஏற்றினால் அந்தக் குடும்பத்துக்கு வருமானமே இல்லை என்று சொல்லிவிட்டீர்கள். அவர் சொல்ல விரும்பாமல் இருந்திருக்கலாம். விபரம் எடுத்தவர் கேட்க மறந்திருக்கலாம். அந்தக் கேள்வி அவருக்குப் பொருந்தாமலும் இருக்கலாம். இந்த நான்கு நிலைகளும் வெவ்வேறானவை. இல்லை என்பதற்கு 0 என்றும், மறுத்தார், கேட்கப்படவில்லை, பொருந்தாது ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடுகள் என்றும் முன்பே வகுத்துக்கொள்ள வேண்டும்.

சில கட்டங்கள் நமது வாழ்க்கைக்கே பொருந்தாதவையாக இருக்கும். ‘வீடு சொந்தமா, வாடகையா?’ என்று எங்கள் வார்ப்புரு கேட்டது. லயக் காம்பரா தோட்ட நிர்வாகத்துக்கு உரியது. குடியிருப்பவர் வாடகை கொடுப்பதில்லை, உறுதியும் அவரிடம் இல்லை. ஒரு மாணவி எல்லோருக்கும் ‘சொந்தம்’ என்றும், இன்னொருவர் எல்லோருக்கும் ‘வாடகை’ என்றும் ஏற்றியிருந்தார்கள். இரண்டும் பிழை. வார்ப்புருவைத் தந்தவர்களிடம் சொல்லி ‘தோட்டத்துக்குரியது, வாடகையில்லை’ என்ற மூன்றாவது தெரிவைச் சேர்க்கச் செய்தோம். அவர்கள் மறுப்பின்றிச் செய்து தந்தார்கள். கேட்டால்தானே தெரியும்?

இது சிறிய காரியமாகத் தோன்றலாம். மலையக மக்கள் நெடுங்காலமாக உத்தியோகபூர்வப் படிவங்களில் ‘இந்தியத் தமிழர்’ என்றே குறிக்கப்பட்டு வந்தார்கள். 2024 ஆம் ஆண்டுத் தொகைமதிப்பில்தான் அதனோடு ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரும் சேர்க்கப்பட்டது. படிவத்தில் ஒரு சொல் சேர்வதற்குப் பின்னால் பலரது நீண்ட காலக் கோரிக்கை இருக்கிறது.

சரிபார்த்தல்

ஏற்றி முடித்ததும் வேலை முடிவதில்லை. எளிய சில சோதனைகள் பெரும்பாலான பிழைகளைக் காட்டிக்கொடுக்கும். குடித்தன அட்டவணையில் உறுப்பினர் 5 என்றால் ஆள் அட்டவணையில் அந்த இலக்கத்துக்கு 5 வரிசைகள் இருக்க வேண்டும். தாயின் வயதுக்கும் பிள்ளையின் வயதுக்கும் இடையே எட்டு வருடந்தான் என்றால் ஏதோ ஒன்று பிழை.

நமது தேசிய அடையாள அட்டை எண்ணிலேயே ஒரு சோதனை அடங்கியிருக்கிறது. பழைய எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் பிறந்த நாள் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படும். 1985 பெப்ரவரி 10 இல் பிறந்த பெண்ணுக்கு அந்நாள் 41ஆவது நாள். ஆகவே அவரது எண் 85541 என்று தொடங்கும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் ஆண்டு நான்கு இலக்கத்தில் வரும், மற்றபடி முறை அதுவே. எல்லா ஆண்டுகளிலும் பெப்ரவரிக்கு 29 நாள் வைத்தே எண்ணப்படுவதால், மார்ச் முதலாம் திகதி எப்போதும் 61. இந்த எண்ணும் பிறந்த திகதியும் ஆண், பெண் என்ற புலமும் ஒத்துப்போகாவிட்டால் தாளை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நேரமிருந்தால் ஒரே படிவத்தை இருவர் தனித்தனியே ஏற்றி ஒப்பிடுவது மிகச் சிறந்த முறை. முடியாவிட்டால் பத்துக்கு ஒரு படிவத்தையாவது ஒருவர் வாசிக்க மற்றவர் திரையில் பார்த்துச் சரிபாருங்கள்.

ஒரு விதியை மட்டும் எந்நாளும் மறக்க வேண்டாம். தாளைப் பாராமல் எந்த வரிசையையும் அழிக்கக் கூடாது. ஐயமானதை நிறமிட்டுக் குறித்து வையுங்கள். உண்மையாகவே இரட்டிப்பானாலும் அழிக்காமல் ‘நீக்கப்பட்டவை’ என்ற தனித் தாளுக்கு மாற்றி, காரணத்தை எழுதி வையுங்கள்.

பலர் ஒரே கோப்பில்

பகிரப்பட்ட கோப்பில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்வது வசதி. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. ஒருவர் பெயர் நிரலை மட்டும் தெரிவுசெய்து அகர வரிசைப்படுத்தினால் பெயர்கள் மட்டும் இடம் மாறும், வயதும் வருமானமும் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு நொடியில் ஒவ்வொருவரும் இன்னொருவரின் வாழ்க்கையைச் சுமந்துகொண்டிருப்பார்கள். ஆளுக்கு இத்தனை இலக்கம் முதல் இத்தனை இலக்கம் வரை என்று பங்கிட்டுக்கொள்ளுங்கள். பொறுப்பான ஒருவர் மட்டுமே வரிசைப்படுத்தவும் மாற்றவும் வேண்டும். ஒவ்வொரு நாள் முடிவிலும் திகதியிட்ட பிரதி ஒன்றைத் தனியே சேமிக்க வேண்டும். மேசையில் உள்ள தாள்களின் தொகையையும் திரையில் உள்ள வரிசைகளின் தொகையையும் தினமும் எண்ணி ஒப்பிட வேண்டும்.

இந்தக் கடைசி வேலையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2020 இல் இங்கிலாந்தில் கொவிட் பரிசோதனை முடிவுகளைத் திரட்டப் பழைய எக்செல் கோப்பு வடிவம் பயன்படுத்தப்பட்டது. அதில் 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாது. மேலதிகமானவை சத்தமில்லாமல் விடுபட்டன. செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவும் தாமதமானது. உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று எண்ணிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அமானிதம்

ஒரு குடும்பத்தின் வருமானம், நோய், கடன், விதவை நிலை ஆகியவை நம் கையில் இருக்கின்றன. அவை அமானிதம். அட்டவணையின் படத்தை வட்ஸ்அப் குழுவில் போடுவதும், “இன்னாருக்கு இவ்வளவு கடனாம்” என்று வீட்டில் பேசுவதும் அமானித மோசடியாகும். 2022 ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மேல் தரவு சேகரிக்கக் கூடாது, சேகரித்த நோக்கத்துக்கு அப்பால் பயன்படுத்தக் கூடாது என்ற அடிப்படையில் அமைந்தது. புத்தகப் பை கொடுப்பதற்கு அடையாள அட்டை எண் தேவையா என்று நாங்கள் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பெற்றோர்களே, உங்கள் வாசலுக்கு வந்து விபரம் கேட்பவரிடம் ‘இது எதற்கு, யார் கையில் இருக்கும்?’ என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது அது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும் என்றும், சிறிதானாலும் பெரிதானாலும் எழுதுவதில் சலிப்புக் கூடாது என்றும் அது அறிவுறுத்துகிறது. 218ஆவது வரிசைக்குப் பிறகு அந்த வசனத்தை ஓதும்போதெல்லாம் என் நினைவு அந்த மாலைக்கே போகிறது. கண் சோர்ந்து, சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று நான் அவசரப்பட்ட மாலை அது.

அந்தத் தாயின் படிவம் கட்டுக்குள் பத்திரமாக இருந்தது. கோப்பின் பதிப்பு வரலாற்றில் நான் அழித்த வரிசையும் அழித்த நேரமும் என் பெயரோடு இருந்தன. வரிசையை மீட்டு, தொண்டர் குழுவிடம் என் தவறைச் சொன்னேன். பதினொரு நாள் கழித்து இரண்டு பைகள் வந்தன. மாணவிகளோடு நானே லயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தேநீர் தந்து உட்காரச் சொன்னார். “பரவாயில்லை மிஸ், அடுத்த தடவ எழுதறப்போ என் பேரையே எழுதிக்கிறுங்க” என்றார்.

மாணவிகளே, ஒரு பயிற்சி செய்து பாருங்கள். உங்கள் வீதியில் அல்லது லயத்தில் பத்து வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் வருமானமோ கடனோ கேட்க வேண்டாம். எத்தனை கதவுகள், எத்தனை அடுப்புகள், எத்தனை பேர் என்பதை மட்டும் அனுமதியோடு கேட்டு, இரண்டு அட்டவணைகளில் ஏற்றுங்கள். பிறகு தோழி ஒருத்தியிடம் தாள்களைக் கொடுத்து அவளையும் தனியே ஏற்றச் சொல்லி ஒப்பிடுங்கள். இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள். இந்தப் பாடத்தின் பெரும்பகுதியை அங்கேயே கற்றுக்கொள்வீர்கள், இன்ஷா அல்லாஹ்.